மறு: ‘பயஸ்’ என்பதற்குச் சார்பா, பிடியா?

> டயோடுக்கு முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு என்று பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறதே, வால்வு ஆம்ப்புக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம்தான். பயஸ் என்பது வால்வோ (வெற்றிடக் குழாய்) டிரான்சிஸ்டரோ ஒழுங்காக வேலை செய்ய அதற்கு முன்கூட்டியே கொடுத்துவைக்கும் மின்னழுத்தம். வால்வில் அதைப் ‘பிடி’ என்று சொல்லலாம் என்பது என் கட்சி. கணக்கிலும் சார்பு, ஆள் பார்த்து நடந்தாலும் சார்பு, அதோடு இதுவும் ஒன்று என்று போகலாம். என் தயக்கம் வேறு.

போன வாரம் ஒரு பழைய கிட்டார் ஆம்ப்பைத் திறந்தேன். கடைசிக் கட்டத்தில் இரண்டு 6எல்6 வால்வுகள். போட்ட கொஞ்ச நேரத்திலேயே இரண்டிலும் தகடு செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. உடனே அணைத்து, வடிகட்டி மின்தேக்கிகளில் மிச்சமிருந்ததை இறக்கி (இதை மறந்திருந்தால் இங்கே வாதாட நான் இருந்திருக்க மாட்டேன், உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல்), வால்வுகளைக் கழற்றிவிட்டு ஆம்ப்பை மட்டும் மறுபடி போட்டு, சாக்கெட்டின் ஐந்தாம் காலில் (வால்வுக்குள் இருக்கும் கம்பி வலையான கிரிட்டுக்குப் போவது) அளந்தேன். சுமார் −50 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் −28. பயஸ் சுற்றில் இருந்த மின்தேக்கி காய்ந்துபோயிருந்தது.

வால்வை அதன் போக்கில் விட்டால், சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் தகட்டுக்குப் பாய்ந்துகொண்டேதான் இருக்கும். கிரிட்டில் உள்ள எதிர் மின்னழுத்தம்தான் இழுத்துப் பிடிக்கிறது. அது எந்தப் பக்கமும் சாயவில்லையே! அதனால்தான் ‘பிடி’ என்கிறேன். பிடி தளர்ந்தால் தகடு சிவக்கும். ரொம்ப இறுகினால், ஒரு வால்வு விட்டு மறு வால்வு எடுக்கும் இடத்தில் அலை நெளிந்து, மெதுவாக வாசிக்கும்போதுகூட ஒலி கரகரக்கும். ஆக, ஹாட் பயஸ் தளர்பிடி, கோல்ட் பயஸ் இறுகுபிடி. சூடான சார்பு, குளிர்ந்த சார்பு என்று எழுதிப் பாருங்கள், சிரிப்புத்தான் வருகிறது.

கேத்தோடு பயஸில் வால்வு தன் மின்னோட்டத்தாலேயே கேத்தோடு மின்தடையில் ஓர் அழுத்தத்தை உண்டாக்கித் தன்னை அடக்கிக்கொள்கிறது (12ஏஎக்ஸ்7-க்குப் பெரும்பாலும் 1,500 ஓம்). அது தற்பிடி. ஃபிக்ஸ்டு பயஸுக்கு முதலில் ‘நிலைப்பிடி’ என்று எழுதி, அப்புறம் அடித்துவிட்டேன். பல ஆம்ப்புகளில் திருகி மாற்றக்கூடியதே அதுதான், ஆங்கிலப் பெயரே ஆளை ஏமாற்றுகிறது! தனிச் சுற்றிலிருந்து அழுத்தம் வருவதால் வெளிப்பிடி.

இடிக்கும் இடம் டிரான்சிஸ்டர். சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பேஸுக்குச் சுமார் 0.6 வோல்ட் கொடுத்து எழுப்ப வேண்டும், அங்கே பிடிப்பதற்கு எதுவும் இல்லை. சரி, அதற்குச் சார்பே இருந்துவிட்டுப் போகட்டும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் என்று யார் விதித்தது?

மின்தேக்கியை மாற்றியாகிவிட்டது. பெட்டியின் உள்பக்கம் ‘வெளிப்பிடி −51 வோல்ட், வால்வுக்கு 35 மில்லிஆம்பியர்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்துத் திறப்பவருக்குப் புரிகிறதா, என்னைத் திட்டுகிறாரா, பார்ப்போம்.