பாய்லர் பிரஷர் நிற்கவே மாட்டேன் என்கிறது, அவசரம்

நடுங்கும் நரி: வீட்டைச் சூடாக்கும் பாய்லரில் தண்ணீர் ஏற்றினால் மறுநாள் காலை மறுபடி பிரஷர் முள் கீழே கிடக்கிறது, அறைகளில் இருக்கும் ரேடியேட்டர் எல்லாம் ஜில்லென்று இருக்கிறது. எங்கேயும் ஒழுகவில்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

பழைய ஸ்பேனர்: எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்குகிறது? சூட்டில் முள் எங்கே நிற்கிறது? ஹீட்டிங்கும் குழாய் வெந்நீரும் ஒன்றிலேயே தரும் காம்பி பாய்லரா? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

மாடிவீட்டுக்காரன்: ரேடியேட்டர் வால்வுதான், சந்தேகமே வேண்டாம். சூட்டில் கசிகிற துளி அங்கேயே காய்ந்துவிடும், கண்ணில் படாது. ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் டிஷ்யூ பேப்பர் சுற்றி வையுங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் அதுதான்.

கேள்விக்குறி: சமீபத்தில் ரேடியேட்டரில் காற்று எடுத்துவிட்டீர்களா?

நடுங்கும் நரி: இல்லை. காம்பிதான். ஆறியிருக்கும்போது பிரஷர் 1.3 பார் வைக்கிறேன், ஓடும்போது 3 வரை ஏறுகிறது, காலையில் 0.4. இதெல்லாம் முக்கியமா?

பழைய ஸ்பேனர்: இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! சூட்டில் தண்ணீர் விரியும், அந்த இடத்தைக் கொடுப்பது எக்ஸ்பான்ஷன் டேங்க். உள்ளே ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. காற்று போய்விட்டால் விரிகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, 3 பாரில் சேஃப்டி வால்வு திறந்து வெளியே கொட்டிவிடும், ஆறியதும் முள் படுத்துவிடும். அந்தத் தண்ணீர் வெளியேறும், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செம்புக் குழாயின் வாயில் பிளாஸ்டிக் பை கட்டி ஒரு ராத்திரி விடுங்கள்.

ஒட்டுவேலை: எதற்கு இவ்வளவு? கசிவை அடைக்கும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றினால் முடிந்தது. என் வீட்டில் நாலு வருஷமாக நிற்கிறது.

பழைய ஸ்பேனர்: தம்பி, வால்வு திறந்து கொட்டுவதற்குப் பெயர் கசிவு இல்லை. எதை அடைக்கப் போகிறீர்கள்? முதலில் படித்துவிட்டுப் பேசுங்கள்.

ஒட்டுவேலை: படிக்காதவன் வீட்டில்தான் ஹீட்டிங் ஓடுகிறது ஐயா.

மாடிவீட்டுக்காரன்: இரண்டு பேரும் டிஷ்யூவை மறந்துவிட்டீர்கள்.

கேள்விக்குறி: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நரி, தினமும் புதுத் தண்ணீர் ஏற்றாதீர்கள். அதோடு ஆக்சிஜனும் உள்ளே போகும், ரேடியேட்டர் உள்ளுக்குள் துருப்பிடித்துக் கறுப்புச் சேறு சேரும். டேங்க்கில் கார் டயர் மாதிரி ஒரு வால்வு இருக்கும். ஊசியை அழுத்தும்போது தண்ணீர் பீய்ச்சினால் சவ்வு கிழிந்திருக்கிறது, டேங்க்கையே மாற்ற வேண்டும். தண்ணீர் வராவிட்டால் காற்றடித்தால் போதும், ஆனால் தண்ணீர்ப் பக்கத்துப் பிரஷரைச் சுழியத்துக்கு இறக்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் கேஜ் காட்டுவது பொய். கேஸ் பாய்லர் என்றால் மூடியைக் கழற்றாதீர்கள், உரிமம் உள்ளவர் வரட்டும்.

நடுங்கும் நரி: பை கட்டினேன், காலையில் கனத்துத் தொங்கியது.

பழைய ஸ்பேனர்: சொன்னேனா இல்லையா.

ஒட்டுவேலை: ஒரு தடவை சரியாகச் சொன்னதற்கு இவ்வளவா?

நடுங்கும் நரி: ஆள் வந்து பார்த்தார். டேங்க்கில் காற்றே இல்லை, சவ்வு நன்றாக இருக்கிறது, 1 பார் அடித்தார். சேஃப்டி வால்வு அடிக்கடி திறந்து மூடியதில் சரியாக உட்காராமல் சொட்டியதாம், அதையும் மாற்றிவிட்டார். இப்போது ஆறினால் 1.3, சூட்டில் 1.7. நன்றி, குழந்தை அழுகிறது, போகிறேன்.

மாடிவீட்டுக்காரன்: டிஷ்யூ சுற்றிப் பார்த்தீர்களா, இல்லையா?