மறு: 'கிராஷ்' என்பதற்கு ஒரே சொல் போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> விளையாடும்போது மட்டும் கிராஷ் ஆகும் வீட்டுக் கணினியைச் சரிபார்ப்பது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். கிராஷுக்கு 'மோதல்' சரியா, 'நொறுங்கல்' சரியா?

இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. மோதுவதற்குத் தமிழில் இரண்டு தரப்பு வேண்டும். விளையாட்டு நடுவில் மூடிக்கொள்ளும்போது எதுவும் எதன்மேலும் மோதவில்லை. நொறுங்கியது மறுபடி ஒட்டாது. இந்த விளையாட்டோ திரும்பத் திறந்தால் ஓடும். முந்தைய மடலில் வந்த 'செயலிழப்பு' காதுக்கு இயல்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறுநீரகச் செயலிழப்பு என்று கேட்டுப் பழகியவர்களுக்கு, அது மொத்தமாகக் கெட்டுப்போனதைத்தான் சொல்லும்.

நான் 'முறிவு' என்பேன். எலும்பு முறியும், பிறகு கூடும். பேச்சுவார்த்தை முறியும், பிறகு தொடங்கும். நடந்துகொண்டிருந்தது நடுவில் அறுந்தது என்பதும், திரும்பத் தொடர வழியுண்டு என்பதும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன. முறிவுப் பதிவு, முறிவு அறிக்கை என்று கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் அமைகின்றன. ஆனால் 'செயலி முறிவு' என்று எழுதிவிடாதீர்கள். ஆப்பும் செயலி, ப்ராசசரும் செயலி என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைப் புழங்கி வருகிறோம். பழுதுபார்க்கும் கையேட்டில் இந்தக் குழப்பம் கூடாது. 'நிரல் முறிவு' என்று சொல்லுங்கள். ப்ராசசரை ப்ராசசர் என்றே விட்டுவிடலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வீட்டில் 'கிராஷ் ஆயிடுச்சு' என்று சொல்லும்போது குறைந்தது நான்கு வெவ்வேறு நிகழ்வுகளைச் சொல்கிறார்கள். விளையாட்டு மட்டும் மூடி முகப்புத்திரை வருவது ஒன்று. அதுதான் நிரல் முறிவு. படம் அப்படியே நின்று, ஒலி ஒரே இடத்தில் இழுபடுவது இன்னொன்று. கடைகளில் 'ஹேங்' என்பது இதைத்தான். 'உறைவு' என்பதில் இங்கே யாருக்கும் மறுப்பு இல்லை என்று நினைக்கிறேன். மூன்றாவது, இயங்குதளமே பிழைக்குறியீட்டைக் காட்டி நின்றுவிடுவது. இதற்கு 'நீலத்திரை' என்று பெயர் வைக்க வேண்டாம். விண்டோஸ் 11இல் அந்தத் திரையைக் கறுப்பாக்குவதாக மைக்ரோசாஃப்ட் 2025இல் அறிவித்துவிட்டது. நிறம் மாறினாலும் நிற்கக்கூடிய பெயராக 'இயங்குதள நிறுத்தம்' என்று முன்மொழிகிறேன்.

நான்காவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எந்தச் செய்தியும் இல்லாமல், விசிறிகள் ஒருசேர நின்று, கணினி பட்டென்று அணைவது. பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி, தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை இது. வீட்டு எம்சிபி ட்ரிப் ஆவது போலத்தான். கிராஃபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் தன் வழக்கமான அளவைவிட மிக அதிக மின்சாரத்தை இழுக்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, 100 மைக்ரோநொடிக்கு இரண்டு மடங்கு சுமையையும் எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டும் என்கிறது. பழையவை பல அதைத் தாங்காமல் அணைந்துகொள்ளும். சிலவற்றில் பின்பக்கச் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும். இதற்கு 'காப்பணைவு' என்று வைக்கலாமா? 'மின்னணைவு' என்றும் யோசித்துப் பார்த்தேன். மின்னணு என்று தவறாகப் படிக்க வாய்ப்பிருப்பதால் விட்டுவிட்டேன். வேதியியல் பாடநூலில் 'அணைவுச் சேர்மம்' இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். துறை வேறு, முன்னால் 'காப்பு' நிற்கிறது. இடறாது என்று நம்புகிறேன்.

> இத்தனை பிரிவு தேவையா? படிப்பவருக்குக் குழப்பம்தானே மிஞ்சும்?

தேவை. பெயர் தவறினால் பணம் தவறான பாகத்துக்குப் போகிறது. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை ப்ராசசர்களில் நடந்ததைப் பாருங்கள். அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் செய்த விளையாட்டுகள் 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்ற செய்தியோடு முறிந்தன. செய்தியில் வீடியோ நினைவகம் என்று இருந்தால் யாருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு மேல்தானே சந்தேகம் வரும்? இயக்கியை (டிரைவரை) மாற்றிப் பார்ப்பார்கள், கடைசியில் கார்டையே மாற்றுவார்கள். கோளாறு ப்ராசசரில் இருந்தது. மிகையான மின்னழுத்தத்தால் அதன் உள்ளே ஒரு சுற்று நாளடைவில் தேய்ந்து, சுருக்கிவைத்த கோப்பை விரிக்கும்போது கணக்குத் தவறி, அந்தத் தவறு வேறொரு பெயரில் திரையில் வந்தது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் திருத்திய மைக்ரோகோடுகளை (ப்ராசசரின் உள்நிரல்) வெளியிட்டது, உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்ததை மைக்ரோகோடு திருப்பித் தராது. ஆகவே அந்த மைக்ரோகோடைக் கொண்டுவரும் பயாஸை (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மதர்போர்டு நிரல்) புதுப்பித்த பிறகும் நிரல் முறிவு தொடர்ந்தால் ப்ராசசரை மாற்றித் தரத்தான் கேட்க வேண்டும்.

விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் வரும் 'கெர்னல் பவர் 41'உம் இப்படித்தான் திசைதிருப்புகிறது. பெயரில் பவர் இருப்பதால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். போன முறை கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அந்த வரி எதையும் சொல்வதில்லை. உறைவு வந்து நீங்களே பொத்தானை அழுத்தி அணைத்திருந்தாலும் அதே 41தான் வரும். தமிழாக்கத்தில் இதை 'முறையற்ற அணைப்பு' என்று பொருளறிந்து எழுதுங்கள். 'மின் பிழை' என்று எழுதினால் மூலத்தில் உள்ள குழப்பத்தை நாமும் வளர்ப்பதாகிவிடும்.

> எல்லாவற்றுக்கும் வெப்பம்தான் காரணம், 'வெப்ப முறிவு' என்று முடித்துக்கொள்ளலாமே?

இதற்கு உடன்பட முடியவில்லை. இன்றைய ப்ராசசர்கள் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை ப்ராசசர் 95 டிகிரி செல்சியஸ் வரை ஓடும்படியே செய்யப்பட்டது. சென்னை மே மாத அறையில், தூசி அடைத்த பெட்டியில் விளையாட்டு திக்கித் திக்கி ஓடும். அணையும் நிலை அதற்கும் மேலே போனால்தான் வரும். திக்குவதை 'வெப்ப வேகக்குறைப்பு' என்று நேராகச் சொல்லிவிடலாம். முன்பு வந்த 'வெப்பத் தணிப்பு' சூட்டைக் குறைப்பது என்ற பொருளையே தருகிறது, குறைவது வேகம்.

கையேடு எழுதும் நண்பருக்கு ஒரு வேண்டுகோள். முதல் பக்கத்தில் தீர்வுகளை வைக்காதீர்கள். உங்களுக்கு நடந்தது நிரல் முறிவா, உறைவா, இயங்குதள நிறுத்தமா, காப்பணைவா என்று வாசகரைக் கேளுங்கள். நினைவகத்தை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துப் பார்ப்பது, நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓட்டுவது எல்லாம் முதல் மூன்றுக்கும் பொருந்தும். காப்பணைவுக்கு அதில் நேரம் செலவிட வேண்டாம். யூபிஎஸ்ஸையும் நீட்டிப்புப் பலகையையும் விலக்கி, நேரே சுவர் ப்ளக்கில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சில மலிவான யூபிஎஸ்களின் அலைவடிவம் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒத்துப்போவதில்லை.

'காப்பணைவு' பற்றி மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். உங்கள் கணினியில் 41க்கு முந்தைய வரி என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்து அனுப்பினால், அதன் தமிழாக்கத்தையும் பேசிவிடலாம்.

அன்புடன்.