மயில்கழுத்து நிறத்தில் ஒரு சுவர்: அடிக்கலாமா, வேண்டாமா?

தாம்பரம்காரி:
எட்டு வருஷமாகச் சந்தன நிறச் சுவர்களுக்கு நடுவில் குடியிருக்கிறேன். ஹால் 16-க்கு 11 அடி, மேற்கே ஒரே ஜன்னல். போன மாதம் கவின்கலைக் கல்லூரி மாணவர் கண்காட்சியில் ஓர் ஓவியம் வாங்கினேன். 4 அடி அகலம், 3 அடி உயரம், அக்ரிலிக். கடுகு மஞ்சள் வானம், ஏரிக்கரையில் ஏழு பனைமரம், அதில் ஒன்றுக்குத் தலையில்லை. அந்த மொட்டைப் பனைக்காகத்தான் 14,000 ரூபாய் கொடுத்தேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

சந்தனச் சுவரில் சாய்த்து வைத்தால் படம் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது. அந்தச் சுவருக்கு மட்டும் என் கல்யாணப் பட்டின் மயில்கழுத்து நிறம் அடிக்க ஆசை. புடவையையே பெயிண்ட் கடைக்குத் தூக்கிக்கொண்டுபோய், மெஷினில் காட்டி, ஒரு சாம்பிள் டப்பா கலக்கி வாங்கி வந்தேன். அடித்துப் பார்த்தால் நீச்சல் குளம்! "டிக்கெட் எங்கே குடுப்பாங்க?" என்கிறார் வீட்டுக்காரர். என்ன தப்பு செய்தேன்?

தறிவீட்டுப் பையன்:
அக்கா, தப்பு உங்கமேல இல்லை. மயில்கழுத்து என்று தனியாக ஒரு நிறமே கிடையாது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், ஒரு நிறம்; ஊடை, அதாவது குறுக்கே போகும் நூல், ஒரு நிறம். நீலத்தில் பாவு ஓட்டிப் பச்சையில் ஊடை போட்டால், மடிப்பு திரும்பும்போது ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் மின்னும். கடை மெஷின் ரெண்டையும் கலந்து நடுவில் ஒரு நிறத்தைக் கொடுத்திருக்கும். சுவர் மடியாது, மின்னாது. கொசுவத்துக்கு உள்ளே, நிழலில் ஒரு நிறம் தெரியும் பாருங்கள், கருநீலத்தில் லேசாகப் பச்சை ஓடியது. அதற்கு ஷேட் கார்டில் ஜோடி தேடுங்கள்.

பட்டி பார்க்கிறவன்:
22 வருஷமா பெயிண்ட் வேலை பார்க்கிறேன். முதல்ல, எந்தச் சுவர்ங்கிறதைச் சொல்லவே இல்லையே? ஜன்னல் இருக்கிற சுவர்னா விட்டுடுங்க. வெளிச்சம் கண்ணுல அடிக்கும், சுவர் குகை மாதிரி இருட்டாத் தெரியும்.

வெளிச்சுவரா இருந்தா ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சதும் கையை வச்சுப் பாருங்க. ஓதம் இருந்தா அடிக்காதீங்க. உப்புப் பூத்தா சந்தன நிறத்துல தெரியாது, கருநீலத்துல விபூதி பூசின மாதிரி தெரியும்.

சாம்பிளைச் சுவர்ல அடிக்காதீங்க, பழைய நிறம் பக்கத்துல நின்னு கண்ணை ஏமாத்தும். பெரிய அட்டையில ரெண்டு கோட் அடிச்சு, காலையில, நாலு மணி வெயில்ல, ராத்திரி விளக்குலன்னு மூணு நேரமும் சுவர்ல நிறுத்திப் பாருங்க. நம்ம வீடுகள்ல பாதி நிறத்தைக் கெடுக்கிறதே அந்த 6500 கெல்வின் வெள்ளை ட்யூப்தான். அதுல கடுகு மஞ்சள் செத்துப்போகும். அதைவிடக் கொஞ்சம் மஞ்சள் சாயல் இருக்கிற 4000 கெல்வின் ட்யூப் போட்டுப் பாருங்க.

அடர்த்தியான ஷேடுக்கு வெள்ளை பிரைமர் வேண்டாம், சாம்பல் நிறத்துல கலக்கச் சொல்லுங்க. இல்லேன்னா நாலு கோட் அடிச்சும் திட்டுத்திட்டா நிக்கும். பளபளப்பு வேண்டாம், மேட் போதும். ஜன்னல் வெளிச்சம் சாய்வா விழுந்தா, உப்புத்தாள் சரியாத் தேய்க்காத இடமெல்லாம் அலை அலையா காட்டிக்கொடுக்கும். எங்க ஆளுங்களுக்குக் கோபம் வரும், ஆனா உண்மை.

காரைக்குடி மாமா:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊர் வீடுகளில் நிறமெல்லாம் காலுக்குக் கீழே. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பூவாகக் கிடக்கும். சுவர் சுண்ணாம்பு வெள்ளையில் சும்மா நிற்கும். அந்தக் கல்லை வார்க்கும்போது கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்துச் சாயச் சாந்தை ஊற்றுவார்கள். தகட்டைப் பிரித்ததும் வருகிற வழவழப்பு எந்த டப்பாவிலும் வராது. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சென்னையில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு நடை போய், படங்களுக்குப் பின்னால் என்ன நிறம் இருக்கிறது என்று பாரம்மா. பிறகு முடிவு செய்.

இன்னொன்று. படத்தைத் தாத்தா போட்டோ மாதிரி நிலைப்படிக்கு மேலே ஏற்றிவிடாதே. படத்தின் நடு, தரையிலிருந்து 57 அங்குலம். சோபாவில் உட்கார்ந்தே பார்ப்பீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் கீழே.

தாம்பரம்காரி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். மாமா, சோழமண்டலம் போனேன். அங்கே உங்கள் பக்கம்தான் ஜெயிக்கிறது. ஆனால் அங்கே யாரும் டி.வி. பார்த்துக்கொண்டு சாம்பார் சாதம் சாப்பிடுவதில்லை.

எங்கள் சுவர் ஜன்னலுக்கு எதிரே இருப்பது, உள்சுவர், ஓதமில்லை. கொசுவ நிறத்தையே எடுத்தேன். சாம்பல் பிரைமர், மேலே இரண்டு கோட், அகலம் 11 அடிதான் என்பதால் 2 லிட்டரில் முடிந்தது. மற்ற மூன்று சுவரும் சந்தனமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாலு மணி வெயில் நேராகப் படத்தில் விழுவதால் ஜன்னலுக்குக் கெட்டித் திரை தைக்கக் கொடுத்திருக்கிறேன். ட்யூபை மாற்றிய அன்று ராத்திரி மஞ்சள் வானம் மட்டும் தனியாகத் தெரிந்தது, பனையெல்லாம் சுவருக்குள் வேர் விட்ட மாதிரி.

மாமியார் பக்கத்துப் பிளாட்டுக்காரியை அழைத்து வந்து காட்டினார். வீட்டுக்காரர் நேற்று சாப்பிட்டுக்கொண்டே, "அதுல ஒரு மரத்துக்குத் தலையே இல்ல, வாங்கும்போது பாத்தியா?" என்று கேட்டார். "அப்படியா?" என்றேன்.