பின்னல் துணைப்பொருள்களும் நகைகளும்: ஒரே இணையக் கடையா, இரண்டாகப் பிரிப்பதா?

மணிச்சரம் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கையால் செய்த பொருள்களை இணையத்தில் விற்கிறேன். கடையில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒன்றில் பின்னுபவர்களுக்கான ஸ்டிச் மார்க்கர்கள் (பின்னலில் ஒரு கண்ணியின் இடத்தைக் குறிக்க மாட்டும் சிறு வளையங்கள்), சால்வை ஊசிகள், வரிசை எண்ணும் சங்கிலிகள். மற்றொன்றில் கண்ணாடி மணியும் கல்மணியும் கோர்த்த தோடுகள், தொங்கட்டான்கள், கழுத்துச் சங்கிலிகள். நகைகளைத்தான் முதலில் செய்யத் தொடங்கினேன். மீந்த மணிகளில் சில மார்க்கர்கள் செய்து என் ஊசியில் மாட்டிக்கொண்டபோது, உடன் பின்னுபவர்கள் கேட்டு வாங்கினார்கள். அப்படித்தான் இரண்டாவது பிரிவு வந்தது.

இப்போது நகைகளைப் பலர் பார்க்கிறார்கள், விருப்பக் குறி இட்டு வைக்கிறார்கள், ஆனால் வாங்குவதில்லை. மார்க்கர்களைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்கள் வாங்கிவிடுகிறார்கள், அடுத்த முறையும் வருகிறார்கள். இரண்டையும் தனித்தனிக் கடைகளாகப் பிரித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். “இது 8ஆம் எண் ஊசிக்குப் பொருந்துமா?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். என்ன பதில் எழுதுவது சரி? இயந்திரத்தில் வார்த்த பிளாஸ்டிக் மார்க்கர்கள் பொட்டலம் பொட்டலமாக மலிவாகக் கிடைக்கும்போது, என் விலையை எப்படி நியாயப்படுத்துவது?

இரவுப்பின்னல்:

நான் விற்பவள் அல்ல, வாங்குபவள். மார்க்கர் வாங்கும்போது முதலில் பார்ப்பது, வளையம் நூலைப் பிடித்து இழுக்குமா என்பதைத்தான். அடுத்தது எடை. மெல்லிய சரிகைப் பின்னலில் கனமான மணி தொங்கினால் இரண்டு கண்ணிகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்துவிடுகிறது. படத்தில் மணியின் அழகு தெரிகிறது, எடை தெரிவதில்லை. ஒரு மார்க்கர் எத்தனை கிராம் என்று ஒரு வரி எழுதியிருந்தாலே அந்தக் கடையின் மேல் நம்பிக்கை வந்துவிடும். நகை பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கம்பளிக்கூடை:

பிரிக்காதீர்கள். இதே இரண்டு வகைப் பொருள்களையும் ஒரே கடையில் பல ஆண்டுகளாக விற்றுவருகிறேன், காரணத்தோடு சொல்கிறேன்.

உங்களிடம் திரும்பி வருபவர் யார் என்று பாருங்கள். பின்னுபவர்தான். தோடு தேடி வருபவருக்கு உங்கள் கடை எண்ணற்ற தோட்டுக் கடைகளில் ஒன்று. இன்று உங்களிடம் பார்ப்பார், நாளை வேறிடத்தில் வாங்குவார். பின்னுபவருக்கு அப்படி இல்லை. கையில் எடுத்தால் வேலைக்கு உதவ வேண்டும், பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும் என்ற இரண்டையும் ஒன்றாகக் கேட்பவர் அவர். அப்படிப்பட்ட பொருளைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. நகை செய்யும் கையும் பின்னும் கையும் ஒருவரிடமே இருப்பது உங்கள் கடையின் பெரிய பலம். அதை இரண்டாக வெட்டினால் இரண்டு சாதாரணக் கடைகள்தாம் மிஞ்சும்.

ஆனால் ஒன்றாக வைத்திருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மார்க்கரை நகையின் அளவுகோலால் செய்யக் கூடாது. நகையைத்தான் மார்க்கரின் அளவுகோலுக்கு உயர்த்த வேண்டும். நகை செய்து பழகியவர்கள் மணியைக் கோர்த்து ஒரு ஜம்ப் ரிங்கில் மாட்டிவிடுவார்கள். காதில் தொங்கும் பொருளுக்கு அது போதும். ஊசியில் அதே வளையம் போனால் கதை வேறு. ஜம்ப் ரிங் என்பது வெட்டிய கம்பிதான். எவ்வளவு இறுக்கி மூடினாலும் இரண்டு முனைகளும் சந்திக்கும் இடத்தில் மயிரிழைப் பிளவு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மெல்லிய ரோமம் நிறைந்த மோஹேர் நூலுக்குத் தெரியும். ஒரு இழை அதில் நுழைந்துவிட்டால், வளையத்தை அடுத்த ஊசிக்கு நகர்த்தும்போது முழுக் கண்ணியும் இழுபடும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பற்றவைத்து மூடிய வளையம். மற்றொன்று, நைலான் பூசிய மணி கோர்க்கும் கம்பியால் செய்யும் வளையம். 0.38 அல்லது 0.48 மி.மீ. தடிமன் கம்பி மார்க்கருக்குச் சரியாக வருகிறது. 7 இழை முறுக்கியது விறைப்பாக நிற்கும், 49 இழை முறுக்கியது மிருதுவாக வளையும். கம்பியின் இரண்டு நுனிகளையும் கிரிம்ப் மணிக்குள் (நசுக்கிக் கம்பியைப் பிடிக்கவைக்கும் சிறு உலோகக் குழலுக்குள்) செலுத்தி, மேலுள்ள மணிகளின் துளைக்குள் கொஞ்ச தூரம் ஓடவிட்ட பிறகு வெட்டுங்கள். கிரிம்பை ஒட்டியே வெட்டினால் எஃகு நுனி முள்ளாக நிற்கும். கிரிம்ப் மணியைக் குறட்டால் தட்டையாக நசுக்குவதைவிட, அதற்கென்று இருக்கும் குறட்டால் மடித்து உருட்டுவது நல்லது. தட்டையாக நசுங்கியதற்கு இரண்டு பக்கமும் கூர்மையான விளிம்பு வந்துவிடும்.

அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். பழைய நைலான் காலுறை ஒன்றைக் கைமேல் மாட்டிக்கொண்டு, மார்க்கரை அதன் மேல் எல்லாத் திசையிலும் தேயுங்கள். எங்காவது சொரசொரப்பு இருந்தால் காலுறை பிடித்துக்கொள்ளும். சிறிய பொருளுக்குப் பஞ்சு போதும். பிசிறு உள்ள இடத்தில் பஞ்சிழை ஒட்டி நிற்கும். சால்வை ஊசியையும் இப்படியே பாருங்கள், முக்கியமாக நுனியை. அது கண்ணிகளுக்கு நடுவே வழி தேடிப் போக வேண்டும், நூலைக் குத்திப் பிளக்கக் கூடாது. மரத்தில் செய்கிறீர்கள் என்றால் 220 எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 600 என்று தேய்த்துக்கொண்டே போய், எண்ணெய் பூசினால் அது முழுவதும் உலர்ந்த பிறகே அனுப்புங்கள். ஈரம் இருக்கும் எண்ணெய் வெளிர்நிறக் கம்பளியில் கறையாகிவிடும்.

இந்தச் சோதனையைத் தோடுகளுக்கும் சங்கிலிகளுக்கும் செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பின்னுபவர் கழுத்தில் எதைப் போட்டிருப்பார்? தானே பின்னிய சால்வையை. சங்கிலியின் கொக்கி அதில் மாட்டினால் அந்தச் சங்கிலியை அவர் மறுபடி அணிய மாட்டார். “சால்வையில் சிக்காத சங்கிலி” என்று உங்களால் உண்மையாகவே எழுத முடிந்தால், வேறெந்த நகைக் கடையும் எழுதாத ஒரு வரி உங்களுக்குக் கிடைத்துவிடும்.

8ஆம் எண் ஊசிக்கு வருகிறேன். எண்ணை வைத்துப் பதில் சொல்லவே கூடாது. அமெரிக்க முறையில் 8 என்றால் 5 மி.மீ., பழைய பிரிட்டிஷ் முறையில் 8 என்றால் 4 மி.மீ. அதே போல அமெரிக்க 6 என்பது 4 மி.மீ., பிரிட்டிஷ் 6 என்பது 5 மி.மீ. ஒரே எண், இரண்டு ஊசிகள்! கேட்பவர் எந்த ஊசியைக் கையில் வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. எனவே வளையத்தின் உள்விட்டத்தை மி.மீட்டரில் எழுதுங்கள், “5 மி.மீ. வரையுள்ள ஊசிகளுக்கு” என்று சேர்த்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் ஊசியைவிட ஒரு மி.மீட்டராவது கூடுதலாக இருக்கட்டும், அப்போதுதான் தடையில்லாமல் நகரும். படத்தில் மார்க்கரை வெறும் வெள்ளைத் தாளில் வைக்காமல், அளவு தெரிந்த ஊசியில், நாலு வரிசை பின்னலோடு மாட்டி எடுங்கள். சன்னலோர வெளிச்சம் போதும். பக்கத்தில் ஒரு அளவுகோலும் இருந்தால் கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடும்.

குரோஷா பின்னுபவர்களுக்குத் தனியாக எழுதுங்கள். ஊசிப் பின்னலில் மூடிய வளையம் ஊசியோடு நகர்ந்துகொண்டே போகும். குரோஷாவில் கொக்கி ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஒரே கண்ணி. மார்க்கரை முடித்த கண்ணியில்தான் தொங்கவிட வேண்டும், பிறகு கழற்றவும் வேண்டும். மூடிய வளையத்தை வாங்கிவிட்டால் அவரால் பயன்படுத்தவே முடியாது. திறந்து மூடும் கொக்கி வைத்ததைத் தனிப் பொருளாகப் பட்டியலிடுங்கள். “இரண்டுக்கும் பொருந்தும்” என்று அதை மட்டும் சொல்லலாம்.

விலைக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். பிளாஸ்டிக் பொட்டலத்தோடு போட்டியிடாதீர்கள். அதை வாங்குபவருக்கு அது போதும், அதில் தவறும் இல்லை. உங்கள் விலையில் பொருள், உங்கள் நேரம், பொதி, தளக் கட்டணம் நான்கும் அடங்க வேண்டும். படம் எடுப்பதும் பதில் எழுதுவதும் நேரம்தான். நூல் கடைகள் மொத்தமாகக் கேட்டு வரும் நாள் வரும். அவர்கள் பெரும்பாலும் சில்லறை விலையில் பாதிக்குத்தான் கேட்பார்கள். அப்போதும் நட்டம் வராத விலையை இன்றே வையுங்கள்.

வெள்ளிக்கம்பி:

கம்பளிக்கூடை சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். நான் நகை மட்டும் செய்பவள். கடையின் முகப்பில் மார்க்கரும் தோடும் கலந்து கிடந்தால், தோடு வாங்க வந்தவருக்கு இது என்ன கடை என்றே புரியாது. தேடலிலும் சிக்கல் இருக்கிறது. எட்சி போன்ற விற்பனைத் தளத்தில் ஒரு பொருளுக்கு 13 குறிச்சொற்கள்தாம். தோட்டுக்குப் பின்னல் சொற்களையும் சேர்த்தால், நகைக்கான சொற்களுக்கு இடம் குறைகிறது.

மணிச்சரம், பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் உலோக விஷயத்தில் கவனமாக இருங்கள். காதுத் துளைக்குள் போகும் கம்பி எதனால் ஆனது என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். ‘ஜெர்மன் சில்வர்’ என்பதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு அதைக் கொடுத்தால் காது புண்ணாகிவிடும். ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்று விற்கும் 316 எல் வகையிலும் நிக்கல் இருக்கிறது, வெளியே கசிவதுதான் மிகக் குறைவு. அதற்கு ‘நிக்கல் இல்லாதது’ என்று எழுதாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புவதாக இருந்தால் அங்கே விதி கடுமையானது. காது குத்திய துளைக்குள் போகும் பாகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது. தோலில் நெடுநேரம் படும் மற்றப் பாகங்களுக்கு 0.5. ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டால் நான் டைட்டானியம் அல்லது நியோபியம் கொக்கிதான் மாட்டிக் கொடுக்கிறேன்.

முலாம் பூசியதை முலாம் என்றே எழுதுங்கள். 925 என்று எழுதினால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி இருக்க வேண்டும். கொக்கியும் மணியும் வெளியில் வாங்கியவை என்றால், “கோர்த்தது நான், வார்ப்பு மணிகள் வெளியில் வாங்கியவை” என்று சொல்லிவிடுவதில் குறை ஒன்றும் இல்லை.

கம்பளிக்கூடை:

உலோகம் பற்றி வெள்ளிக்கம்பி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒன்று கூட்டிச் சொல்ல வேண்டும்: பூச்சு இல்லாத செம்புக் கம்பியைச் சால்வை ஊசிக்குப் பயன்படுத்தாதீர்கள். ஈரம் பட்டுக் களிம்பு பிடித்தால் வெள்ளைக் கம்பளியில் பச்சைத் தடம் விழும்.

தேடல் பற்றிய கவலையும் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து கடையைப் பிரிப்பது அல்ல. கடைக்குள் பிரிவுகளைத் தெளிவாக வையுங்கள், தோட்டின் குறிச்சொற்களை முழுக்க நகைச் சொற்களாகவே வையுங்கள். பின்னுபவர் அந்தத் தோட்டைத் தேடல் வழியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மார்க்கர் வாங்க வந்த இடத்தில், அதே மணியில் செய்த தோட்டைப் பக்கத்திலேயே பார்ப்பார். என் கடையில் நகை விற்பது பெரும்பாலும் இப்படித்தான். நகைக்காக மட்டும் வருபவரை வெள்ளிக்கம்பிக்கே விட்டுவிடுகிறேன். அவரைப் போல என்னால் வெள்ளி வேலை செய்ய முடியாது.

மணிச்சரம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரவே காலுறைச் சோதனையைச் செய்து பார்த்தேன். மார்க்கர்களில் ஒன்றிரண்டு பிடித்துக்கொண்டன. தோடுகளில் நிறையவே பிடித்தன. எல்லாவற்றையும் கடையிலிருந்து தற்காலிகமாக எடுத்துவிட்டு, கம்பி நுனிகளை அரத்தால் தேய்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரே கடையாகவே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். ஒரே மணியில் மார்க்கரும் தோடும் செய்தால் இரண்டையும் ஒரே பெட்டியாக விற்பதா, தனித்தனியாகவா?

கம்பளிக்கூடை:

தனித்தனியாகவே விற்பனை செய்யுங்கள். பெட்டியாகக் கட்டினால், காதில் துளை இல்லாதவரும் ஒவ்வாமை உள்ளவரும் மார்க்கரையும் விட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் மற்றதன் படத்தை இறுதிப் படமாக வையுங்கள். மணிகளை வாங்கும்போதே இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகுதியில் வாங்கிவிடுங்கள். கண்ணாடி மணியின் நிறம் தொகுதிக்குத் தொகுதி மாறும், பிறகு வாங்கினால் ஜோடி சேராது. மார்க்கருக்குச் சிறிய மணியையும் தோட்டுக்குப் பெரிய மணியையும் ஒதுக்குங்கள். இரவுப்பின்னல் சொன்ன எடையை மறக்காதீர்கள், சமையலறைத் தராசு ஒரு மார்க்கரைச் சரியாகக் காட்டாது. பத்து மார்க்கர்களை ஒன்றாக வைத்து நிறுத்து, பத்தால் வகுத்து எழுதுங்கள்.