வேண்டாத எண்ணம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டால்: எது, எப்போது, எவ்வளவு

#1

எல்லா வேண்டாத எண்ணத்துக்கும் ஒரே மந்திரத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதுதான் முதல் கோளாறு. பழைய வன்மம் திரும்பத் திரும்ப ஓடுவது ஒன்று. நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்பு வேறு. கும்பிட்டு நிற்கும்போது அருவருப்பான சொல்லோ காட்சியோ குறுக்கே பாய்வது முற்றிலும் வேறு. மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல.

வேதாத்திரி மகரிஷியின் அகத்தாய்வில் (தன்னைத்தானே ஆராயும் பயிற்சி) எண்ணம் எழ ஆறு காரணம் சொல்வார்கள்: தேவை, பழக்கம், சூழ்நிலையின் நெருக்குதல், பிறர் மனத் தூண்டுதல், கருவமைப்பு (பிறப்போடு வந்த பதிவு), தெய்வீகம். இதை மனப்பாடம் செய்து பயனில்லை, நோட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். வந்த நேரம், ஒரே வரியில் எண்ணம், ஆறில் எது. 15 நாள் எழுதினால் போதும்.

இதில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, எண்ணத்தை விலாவாரியாக எழுதுவது. அரைப்பக்கம் எழுதினால் அது ஆராய்ச்சி இல்லை, அசைபோடுதல். வரி ஒன்றைத் தாண்டக் கூடாது. இரண்டாவது, எல்லாவற்றையும் ‘பிறர் தூண்டுதல்’ கட்டத்தில் தள்ளிவிடுவது. யாரோ ஏவிவிட்டார்கள், கண் பட்டுவிட்டது என்று எழுத மனசுக்கு ரொம்பப் பிடிக்கும், பொறுப்பு கைமாறிவிடுகிறதல்லவா. நேரக் கட்டத்தை ஒழுங்காக நிரப்பியவருக்கு உண்மை தானே தெரியும்: அதே எண்ணம், அதே வேளை, அதே களைப்பு. பழக்கத்தைப் பேய் என்று எண்ணி ஓட்டக் கிளம்பினால் அது போகாது.

#2

முதல் பதிவுக்குத் தொடர்ச்சி. வகை தெரிந்தபின் என்ன செய்வது என்பதற்குப் பௌத்தத்தில் வரிசைப்படுத்திய ஐந்து படி உண்டு. புத்தரின் உரைத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆவது சூத்திரம். வரிசைதான் இதன் உயிர். முதற்படி பலிக்காதபோதுதான் அடுத்தது.

1. மாற்றி வைத்தல். தச்சர் சின்ன முளையை அடித்துப் பெரிய முளையை வெளியே தள்ளுவதுபோல. வெறுப்புக்கு எதிரே நட்புணர்வு, ஆசைக்கு எதிரே அந்தப் பொருளின் நிலையாமை. சின்ன முளை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய தத்துவமாக எடுத்தால் உள்ளே நுழையாது. ‘அவரும் தூக்கம் கெட்டு அலைகிறார்’ என்பது போல ஒரே ஒரு சிறு நினைப்பு.

2. கேடு பார்த்தல். இந்த எண்ணம் இன்னும் பத்து நிமிடம் ஓடினால் உடம்பில் என்ன ஆகும், வாயில் என்ன சொல் வரும் என்று பார்ப்பது. கழுத்தில் செத்த பாம்பைப் போட்டுவிட்டால் எப்படி உதறுவோமோ, அப்படி என்பது உவமை.

3. கவனிக்காமல் விடுதல். பார்க்க விரும்பாததைக் கண்டவர் கண்ணை மூடிக்கொள்வது அல்லது வேறு பக்கம் திரும்புவது போல. கையில் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் எளிது.

4. வேகத்தைக் குறைத்தல். வேகமாக நடப்பவர் ‘ஏன் ஓடுகிறேன்’ என்று கேட்டு மெதுவாக நடப்பார், பிறகு நிற்பார், உட்காருவார், படுப்பார். எண்ணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு கியர் இறக்கச் சொல்கிறது. எண்ணத்துக்கு முந்தைய எண்ணம் எது, அதற்கு முந்தையது எது என்று பின்னோக்கிப் போனாலே வேகம் விழுந்துவிடும்.

5. பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மனத்தை மனத்தாலேயே அமுக்குதல். பலசாலி மெலிந்தவரின் தோளைப் பிடித்து அழுத்துவது போல.

நிறையப் பேர் நேரே ஐந்தாவதில் தொடங்குகிறார்கள். அது கடைசிக் கருவி. கை நீட்டப் போகிறோம், கடும்சொல் வரப்போகிறது என்ற நொடிக்கு உரியது. நாள் முழுக்க அதையே செய்தால் தாடை வலியும் தலைவலியும் மிஞ்சும், அமுக்கினது இரவில் எழும்பும்.

#3

#2 சொன்ன முதற்படியைத்தான் பதஞ்சலியின் யோக சூத்திரம் ‘பிரதிபட்ச பாவனை’, அதாவது எதிர் எண்ணத்தை வளர்த்தல், என்கிறது (2.33). ஆனால் அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். அடுத்த சூத்திரத்தில் கணக்கு வருகிறது. தீய எண்ணம் நாமே செய்வதாக இருக்கலாம், செய்விப்பதாக இருக்கலாம், அடுத்தவர் செய்வதை ஆமோதிப்பதாக இருக்கலாம். பேராசை, சினம், மயக்கம் என்று மூன்று வேர். மென்மை, நடுத்தரம், கடுமை என்று மூன்று அளவு. 3 × 3 × 3, ஆக 27. வியாசர் உரை இதை 81 வரை விரிக்கும்.

கணக்கு எதற்கு? ‘ஆமோதித்தல்’ என்ற கட்டத்துக்காக. நான் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை என்பவர், வேண்டாதவருக்கு நட்டம் என்று கேட்டு உள்ளுக்குள் இனிக்கும் அந்தச் சின்னச் சுவையைக் கவனிப்பதில்லை. எண்ணத்துக்கு அன்றாடம் தீனி அங்கிருந்துதான் போகிறது.

இன்னொன்று, எதிர் எண்ணம் என்றால் மறுப்பு இல்லை. ‘நான் கோபப்படக் கூடாது’ என்ற வாக்கியத்தில் கோபம் உட்கார்ந்திருக்கிறது. அதே நூலின் 1.33 சொல்வது வேறு: இன்பமாக இருப்பவரிடம் நட்பு, துன்பத்தில் இருப்பவரிடம் இரக்கம், நல்லவர் செயலில் மகிழ்ச்சி, தீயவர் செயலில் கண்டுகொள்ளாமை. எதிரே நிற்கும் ஆளின் நிலைக்கு ஏற்ற நாலு சாவி. பொறாமைக்கு இரக்கத்தைப் போட்டுப் பார்த்தால் திறக்காது, அது நட்புக்கோ மகிழ்ச்சிக்கோ உரிய பூட்டு. இவற்றில் கடினம் நான்காவதுதான். கண்டுகொள்ளாமை என்று பேர் வைத்துக்கொண்டு வெறுப்பை உறையில் போட்டு வைப்பது நடக்கும். வித்தியாசம் தெரிய ஒரு சோதனை: அந்தப் பெயர் காதில் விழும்போது மூச்சு மாறுகிறதா?

#4

ஜபம் பற்றி யாரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன்.

ஜபமாலையில் 108 மணி, ஒரு மேரு (தலைமணி). பெருவிரலும் நடுவிரலும் கொண்டு தள்ளுவது வழக்கம், சுட்டுவிரல் படாமல். மேருவைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பும் அந்தக் கணத்தில் ‘எங்கே இருந்தேன்’ என்று மனம் விழித்துக்கொள்கிறது, நடைமுறைப் பயன் அது.

வாய்விட்டுச் சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைவது உபாம்சு, மனத்துக்குள் சொல்வது மானசம். மனு நூல் உபாம்சுவுக்கு நூறு மடங்கு, மானசத்துக்கு ஆயிரம் மடங்கு என்று சொன்னதைப் படித்துவிட்டு எல்லோரும் ஆயிரத்துக்கு ஆசைப்பட்டு மானசத்தில் தொடங்குவார்கள். எண்ணம் இரைந்துகொண்டிருக்கும்போது மானசம் நிற்கவே நிற்காது, இரண்டும் ஒரே இடத்தில் ஓடுகிற வண்டி. முதல் சுற்று வாய்விட்டு, காதில் விழும்படி. இரண்டாவது உதட்டளவில். அமைதி வந்திருந்தால் மட்டும் மூன்றாவது மானசம். வராவிட்டால் மறுபடி வாசிகத்துக்கு இறங்குவதில் வெட்கமில்லை.

மூச்சுக்கு ஒன்று என்று வைத்தால், நிமிடத்துக்கு 12 முதல் 15 மூச்சு விடுகிறவருக்கு ஒரு சுற்று 7 முதல் 9 நிமிடம் ஆகும். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது என்றால் நாக்கு ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம். அதற்கு மருந்து எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. கடைசி எழுத்தின் ஒலி அடங்கும்வரை கேட்டுவிட்டு அடுத்த மணிக்குப் போவது. அதுவும் முடியாத நாளில் லிகித ஜபம், எழுதிவிடுங்கள். கை ஓடுவதைவிட வேகமாக மந்திரம் ஓட முடியாது.

கந்த சஷ்டி கவசம் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உறுப்பு உறுப்பாகப் பேர் சொல்லிக் காக்கச் சொல்லும் பகுதியை வேகமாக உருட்டாதீர்கள். ஒவ்வோர் உறுப்பின் பேர் வரும்போதும் அந்த இடத்தை உள்ளே தொட்டு உணர்ந்து நகர வேண்டும். எண்ணத்தில் இருந்த கவனம் உடம்புக்கு இறங்குவது இப்படித்தான். நாளுக்கு 36 உரு (முறை) என்று அதிலேயே வருகிறது. பயத்தில் 36 ஓட்டுவதைவிட இப்படி ஒன்று மேல்.

#5

மூச்சு. சுருக்கமாக.

திருமந்திரம் சொல்லும் அளவு: இடப்பக்கம் 16 மாத்திரை (கால அளவு) இழுத்து, 64 நிறுத்தி, 32 விடுவது. ஒரு மாத்திரையை ஒரு நொடி என்று வைத்தாலே ஒரு மூச்சு 112 நொடி. குரு பக்கத்தில் இல்லாமல் இதை யாரும் முதல் நாளில் தொட வேண்டாம்.

தொடக்கத்துக்கு நிறுத்தலே இல்லாத நாடி சுத்தி போதும். வலக்கைப் பெருவிரல் வலது நாசிக்கு, மோதிர விரல் இடது நாசிக்கு. இடதில் 4 எண்ணிக்கை இழு, வலதில் 8 விடு, வலதில் 4 இழு, இடதில் 8 விடு. இது ஒரு சுற்று. 9 சுற்று. சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

தலை கிறுகிறுத்தால் காற்றை அதிகமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். ஆழமாக இழுக்காதீர்கள், மெதுவாக இழுங்கள், இரண்டும் வேறு. மூக்கெலும்பை நசுக்க வேண்டாம், நாசித் துளைக்குப் பக்கத்து மென்சதையில் விரல் பட்டால் போதும். 8 வரவில்லையென்றால் 3-க்கு 6. விகிதம் முக்கியம், எண் இல்லை. இரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம், திடீர்ப் பீதி வருகிறவர்கள் மூச்சை நிறுத்தும் பயிற்சிக்கே போக வேண்டாம்.

#6

மேலே சொன்ன எல்லாமே எண்ணத்துக்கு மருந்து. எண்ணுகிறவருக்கு மருந்து யாரும் சொல்லவில்லை. (#2 எழுதியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்த ஐந்தும் நல்ல கருவிகள்தான்.)

ரமணரின் விசாரம் இப்படி. எண்ணம் எழுந்ததும் அதை நிறைவு செய்ய விடாமல் ‘இது யாருக்கு உண்டாயிற்று?’ என்று கேட்பது. ‘எனக்கு’ என்று வரும். ‘நான் யார்?’ என்று கேட்டால் கவனம் எண்ணத்தை விட்டுத் தன் பிறப்பிடத்துக்குத் திரும்பும், எழுந்த எண்ணம் அடங்கும். கோட்டைக்குள் இருப்பவர்கள் வெளியே வர வர வெட்டிக்கொண்டே இருந்தால் கோட்டை கைவசமாகும் என்பது அவர் தந்த உவமை. மூச்சை அடக்குவதால் மனம் அடங்கியிருக்கும், மூச்சு வெளிப்பட்டதும் அதுவும் வெளிப்படும் என்றும் அவர் சொன்னதை #5 பார்த்துக்கொள்ளட்டும்.

தவறு எங்கே வரும்? ‘நான் யார், நான் யார்’ என்று மந்திரம்போல் உருட்டுவது. ‘நான் ஆத்மா’ என்று விடை சொல்லி முடிப்பது, அதுவும் ஓர் எண்ணமே. கேள்வி ஒரு தடவை. பிறகு அந்த ‘நான்’ என்ற உணர்வில் சும்மா நிற்பது, அடுத்த எண்ணம் வரும்வரை. முதலில் இரண்டு நொடிகூட நிற்காது. நிற்காததைக் கணக்கெடுக்க வேண்டாம்.

தியானத்தில் உட்கார்ந்தபின் வரும் தடைகளை வேதாந்த ஆசான் கௌடபாதரின் மாண்டூக்கிய காரிகையும் பின்வந்த வேதாந்த நூல்களும் நாலாகப் பிரித்துத் தருகின்றன. லயம் என்றால் தூக்கத்தில் நழுவுவது. எழுப்ப வேண்டும்: கண்ணைத் திற, முதுகை நிமிர்த்து, நட. விட்சேபம் என்றால் சிதறல், திரும்பக் கொண்டுவர வேண்டும். கஷாயம் என்பது அடியில் படிந்த கறை. மனம் சிதறவும் இல்லை, தூங்கவும் இல்லை, ஆனாலும் மந்தமாக ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். அதைத் தள்ளக் கூடாது, ‘இன்னது இது’ என்று அறிந்துகொள்ள வேண்டும் என்கிறார் கௌடபாதர். ரசாஸ்வாதம் என்றால் வந்த சுகத்தைச் சப்புக்கொட்டுவது. நேற்று வந்த அமைதி இன்று வரவில்லையே என்ற ஏக்கம் இதன் பிள்ளை. பயிற்சியை விட்டுவிடச் செய்வது பெரும்பாலும் சிதறல் இல்லை, இந்த நாலாவதுதான்.

#7

ஒன்றைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், முதல் பதிவின் மூன்றாவது வகை பற்றி.

தெய்வத்தை நிந்திக்கும் சொல், தகாத காட்சி, அன்பானவரைக் குத்திவிடுவோமோ என்ற நினைப்பு, இவை வந்ததால் யாரும் பாவியாவதில்லை. மனம் எதை மிகவும் மதிக்கிறதோ அதைச் சுற்றித்தான் இந்தக் கூச்சல் எழும்பும். ஆனால் அதைத் துடைக்க மறுபடி ஜபம், மறுபடி குளியல், சரியாகச் சொன்னேனா என்று மறுபடி முதல் மணியிலிருந்து என்று போனால், சாதனையே நோய்க்குக் கையாள் ஆகிவிடும். எண்ணச் சுழற்சி நோய் (OCD) என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு பரிகாரமும் சிறிது நேர நிம்மதி தரும், அந்த நிம்மதியே அடுத்த சுற்றைப் பெரிதாக்கும்.

இஸ்லாத்தில் வஸ்வாஸ் என்று இதற்குப் பேரே உண்டு. இறைவனிடம் பாதுகாப்புத் தேடிவிட்டு அந்த நினைப்பை அதோடு நிறுத்திக்கொள் என்பதே நபிமொழி. சந்தேகத்துக்காக ஒளுவை (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது) திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்க வேண்டாம் என்றுதான் மார்க்க அறிஞர்களும் சொல்வார்கள். கிறித்தவத்தில் லொயோலா இஞ்ஞாசியார் இதே நுண்சந்தேகத்தில் சிக்கி, பாவ அறிக்கையைத் திரும்பத் திரும்பச் செய்து வாடியவர். பின்னாளில் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் இதற்கென்றே குறிப்புகள் வைத்தார்.

ஆகவே இந்த வகைக்கு விதி எளிது: எண்ணிக்கையை முன்பே நிர்ணயித்துக்கொள்ளுங்கள், பிழையாகவே சொல்லியிருந்தாலும் 108-இல் எழுந்துவிடுங்கள். மறுசுற்று கிடையாது. பதைப்பு இருக்கட்டும், அது தானாக இறங்கும். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகிறதென்றால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும். சடங்கைச் செய்யாமல் பதைப்பைத் தாங்கப் பழக்கும் சிகிச்சை உண்டு, மருந்தும் உண்டு.

காதில் குரல் கேட்பது, அது கட்டளையிடுவது, நாள்கணக்கில் தூக்கமில்லாமலும் களைப்பில்லாமலும் இருப்பது, தன்னை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தியானத்தை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு. நீண்ட மௌனமோ பல நாள் தியான முகாமோ அப்போது நெருப்பில் நெய்.

#8

#7-க்கு ஒரு சேர்க்கை. தியானத்தில் உடம்பு தன்னுடையது இல்லாதது போல, சுற்றி இருப்பது பொய் போலத் தோன்றிப் பயம் வந்தால், கண்ணை மூடியபடியே தாண்டிப் போக முயல வேண்டாம். கண்ணைத் திறந்து, உள்ளங்காலைத் தரையில் பதித்து, அறையில் இருக்கும் ஐந்து பொருளின் பேரை வாய்விட்டுச் சொல்லுங்கள். கையைக் குளிர்ந்த நீரில் நனையுங்கள். மறுநாள் உட்காரும் நேரத்தைப் பாதியாக்கி, மீதிப் பாதியை நடந்து கழியுங்கள். குதிகால், பாதம், விரல் என்று கவனித்தபடி, பத்தடி போய்த் திரும்பி வரும் மெதுநடை. திரும்பும் இடத்தில் ஒரு மூச்சு நின்றுவிட்டுத் திரும்ப வேண்டும், எண்ணம் பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான் ஏறிக்கொள்ளும்.