ரிதம் ஹவுஸைக் கொன்றது கண்ணாடி அறையா?

செம்பூர்வாசி:
மும்பை காலா கோடாவில், ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்கு எதிரே 1940களின் பிற்பகுதியிலிருந்து நடந்து, 2016 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்ட ரிதம் ஹவுஸ் என்ற இசைக் கடையைப் பற்றி, "அதைக் கொன்றவர்கள் ரசிகர்களே, வாங்குமுன் கேட்டுப்பார்க்க வைத்திருந்த கண்ணாடி அறையில் இசைத்தட்டை ஓசியில் கேட்டுவிட்டு, நடைபாதையில் கள்ளக் கேசட் வாங்கினார்கள்" என்று தட்டுப்பித்தன் எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அந்த அறைக்குள் நின்று கேட்டுத்தான் நான் முதன்முதலில் ரவிசங்கரின் தட்டு ஒன்றை வாங்கினேன். கேட்டவன் வாங்கவில்லை என்று இவருக்கு யார் சொன்னார்கள்?

தட்டுப்பித்தன்:
யாரும் சொல்லவில்லை ஐயா, கண்ணால் பார்த்தேன். எண்பதுகளில் குதிரைச் சிலையருகே நண்பருக்காகக் காத்திருந்த மாலைகளில், அந்தக் கடைக்குள் போனவர்களில் பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்பியதைக் கண்டவன் நான். தாங்கள் வாங்கிய ஒரு தட்டு ஊர் முழுவதற்கும் சாட்சியாகிவிடாது.

செம்பூர்வாசி:
குதிரைச் சிலையருகேயா? பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டைச் சுமந்த அந்தக் கருங்குதிரையை 1965இலேயே அகற்றிவிட்டார்கள். அது பைகுல்லா உயிரியல் பூங்காவில் நிற்கிறது. இப்போது சதுக்கத்தில் நிற்கும் ஆளில்லாக் குதிரை வந்தது 2017இல், கடை மூடிய பிறகு. எண்பதுகளில் இல்லாத சிலையருகே நின்றவருக்கு வெறுங்கை மட்டும் எப்படித் துல்லியமாகத் தெரிந்ததோ!

தட்டுப்பித்தன்:
பேச்சு குதிரையைப் பற்றியது அல்ல, கண்ணாடி அறையைப் பற்றியது. கேட்டார்கள், வாங்கவில்லை. மீண்டும் சொல்கிறேன்: கேட்டார்கள், வாங்கவில்லை.

மாட்டுங்கா மாமி:
இருவரும் சற்றுப் பொறுங்கள். கர்நாடக இசைக் கேசட்டுக்கு மாட்டுங்காவிலேயே கிரி டிரேடிங் இருக்க, காலா கோடாவரை ரயிலேறிப் போன செம்பூர்க்காரர்களின் பெருமையை நான் அப்போதும் புரிந்துகொள்ளவில்லை, இப்போதும் புரிந்துகொள்ளவில்லை.

செம்பூர்வாசி:
மாமி, கிரியில் ஜாஸ் கிடைத்ததா? ஒரே கூரையின்கீழ் இந்துஸ்தானி, கஜல், மேற்கத்திய செவ்விசை, ராக் எல்லாம் இருந்ததும், கச்சேரி நுழைவுச்சீட்டும் அங்கேயே விற்றதும்தான் அந்தக் கடையின் பெருமை. தட்டுப்பித்தனுக்கு ஒரு கேள்வி. டைம்ஸ் குழுமத்தின் பிளானட் எம், ஆர்.பி.ஜி. குழுமத்தின் மியூசிக் வேர்ல்டு எனப் பெரும்பணம் போட்ட சங்கிலிக் கடைகள் தொண்ணூறுகளில் வந்தன. கொல்கத்தா பார்க் தெருவிலிருந்த மியூசிக் வேர்ல்டு 2013இல், அதாவது ரிதம் ஹவுஸுக்கு முன்பே, மூடிக்கொண்டது. அதையும் உங்கள் கண்ணாடி அறைதான் கொன்றதா? டி-சீரிஸ் கேசட் விலையைத் தரைக்கு இறக்கிய எண்பதுகளையே தாண்டி நின்ற கடை இது. 2012 டிசம்பரில் ஐடியூன்ஸ் அங்காடியும் 2015இல் ஆப்பிள் மியூசிக்கும் இந்தியாவுக்கு வந்தபின், வீட்டிலிருந்தே பாட்டுக் கேட்க முடிந்தவனுக்குக் குறுந்தகடு எதற்கு? காரணம் அங்கே இருக்கிறது. உங்களுக்கோ அறையின் கண்ணாடி மட்டுமே தெரிகிறது.

மெட்ராஸ்காரன்:
மும்பைக்காரர்கள் ஒரு கடைக்காக இவ்வளவு கண்ணீர் வடிப்பதைப் பார்த்தால், மவுண்ட் ரோட்டில் இசைத்தட்டே விற்றதில்லை போலிருக்கிறது.

செம்பூர்வாசி:
விற்றிருக்கலாம்; அதற்குத் தனி இழை தொடங்குங்கள். மூடிய கட்டடத்தை 2017இல் வாங்கியது யார் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? வைர வியாபாரி நீரவ் மோடியின் நிறுவனம். அடுத்த ஆண்டே பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளிவந்து, கட்டடம் அமலாக்கத் துறையின் முடக்கத்துக்குள் போனது. அழுவதற்கு அந்த ஒரு காரணம் போதாதா?

தட்டுப்பித்தன்:
வைர வியாபாரி வந்தது கடை செத்த பிறகு. நான் கேட்பது செத்த காரணத்தை. இங்கு நினைவஞ்சலி எழுதும் ஒவ்வொருவரும் அந்தக் கடையில் கடைசியாகக் காசு கொடுத்து வாங்கியது எந்த ஆண்டு என்று எழுதட்டும், பார்ப்போம்.

மாட்டுங்கா மாமி:
செம்பூர்வாசி, உங்களைத்தான் கேட்கிறார்.

செம்பூர்வாசி:
சிலையே இல்லாத இடத்தில் சிலையருகே நின்றவருக்கு நான் ரசீது காட்டவேண்டிய அவசியமில்லை.

தட்டுப்பித்தன்:
ஆக, கேட்டார்கள், வாங்கவில்லை.