மறு: ‽ குறிக்குத் தமிழ்ப் பெயர் – ‘திகைவினாக்குறி’ ஒத்துவருமா?

குடியாத்தம் ஐயாவுக்கும் ஆம்பூர்த் தங்கைக்கும் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம். கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் ஒன்றாகச் சேர்ந்த ‽, திருப்பிப்போட்ட கேள்விக்குறி ⸮, எள்ளல் குறி ஆகிய மூன்றுக்கும் நம் சொற்பட்டியலில் தமிழ்ப் பெயர் வைப்பது பற்றிய உங்கள் கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘வினாவியப்புக்குறி’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே. இதில் என்ன தகராறு?

தகராறு இருக்கிறது ஐயா. அந்தப் பெயர் குறியின் உருவத்தை மட்டும் சொல்கிறது. ஆங்கிலப் பெயரும் அப்படிப் பிறந்ததுதான். 1962இல் மார்ட்டின் ஸ்பெக்டர் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர் இந்தக் குறியை முன்வைத்தார். வினவுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு, ஆச்சரியக்குறிக்கு அச்சகத்தில் வழங்கிய ‘பேங்’ என்பதை ஒட்டி ‘இன்டெரோபேங்’ ஆக்கினார்கள். அவர்கள் ஒட்டினார்கள் என்பதற்காக நாமும் ஒட்ட வேண்டுமா? விளம்பர வரிகளில் பதிலை எதிர்பார்க்காமல், நம்ப முடியாத தொனியில் வரும் கேள்விகளுக்கு ஒரே குறி போதும் என்பது அவர் எண்ணம். பெயர் அந்தத் தொனியைத்தான் பிடிக்க வேண்டும்.

வேலூரில் இந்தத் தொனிக்குப் பஞ்சமே இல்லை. ‘இன்னா வேணும்?’ என்பது வெறும் கேள்வி. ‘இன்னாது, இன்னும் ஊட்லயே கீறானா‽’ என்பது வேறு. கேட்பவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மனம்தான் ஏற்க மறுக்கிறது, கொஞ்சம் கோபமும் உண்டு. இதை வியப்பு என்று எப்படிச் சொல்வது? கோட்டையையும் ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத் தூண்களையும் பார்த்து வியக்கலாம். பத்து மணி பஸ்ஸுக்கு ஒன்பதே முக்காலுக்கும் வீட்டில் இருப்பவனைப் பார்த்து யாரும் வியப்பதில்லை, திகைக்கிறார்கள்.

நன்னூல் வழியில் வினா ஆறு: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. இந்தப் பெயர்கள் கேட்பவரின் மனநிலையையோ நோக்கத்தையோ சொல்கின்றன. விடை தெரிந்த ஆசிரியர் மாணவனிடம் கேட்டால் அறிவினா, ‘துவரம்பருப்பு இருக்கிறதா?’ என்று கடையில் கேட்டால் கொளல்வினா. நம்முடையது இந்த ஆறில் எதிலும் அடங்கவில்லை. அதனால் ஏழாவதாகத் திகைவினா. அதற்கு இடும் குறி திகைவினாக்குறி.

> பேசாமல் ‘இன்னாக்குறி’ என்றே வைத்துவிடலாமே அண்ணா :-)

எனக்கும் ஆசைதான் தங்கச்சி. ஆனால் திருக்குறளில் ‘இன்னா செய்யாமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. திருநெல்வேலிக்காரர் பார்த்தால் துன்பக்குறி என்று படிப்பார். கரண்ட் பில்லைப் பார்க்கும் நேரத்தில் இரண்டு பொருளும் பொருந்தும் என்பது வேறு விஷயம்.

> ஓலைச்சுவடியில் குறியே கிடையாது. ஓகாரமும் ஏகாரமும் இந்த வேலையைச் செய்தனவே?

செய்தன, அழகாகவே செய்தன. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று பாண்டியன் சொல்லும்போது ஓகாரம் ‘நான் அரசனில்லை’ என்று மறுக்கிறது, ஏகாரம் ‘நானேதான் கள்வன்’ என்று அறுதியிடுகிறது. ஒரு குறியும் தேவைப்படவில்லை. இப்படி விடையை எதிர்பார்க்காத கேள்விக்காகத்தான் லண்டனில் ஹென்றி டென்ஹாம் என்ற அச்சகத்தார் 1580களில் கேள்விக்குறியைத் திருப்பிப்போட்டார் (⸮). அதற்கு ‘விடைவேண்டா வினாக்குறி’ என்று எழுதியிருக்கிறேன், இதில் யாருக்கும் மறுப்பு இராது. ஆனால் வாட்ஸாப்பில் ‘நீ வர்ற’ என்று மொட்டையாக ஒரு வரி வந்தால் அது கேள்வியா, கட்டளையா, திகைப்பா? அங்கே ஓகாரமும் இல்லை, முகமும் தெரிவதில்லை.

எள்ளல் குறிதான் சிக்கல். பிரெஞ்சுக் கவிஞர் அல்காந்தே தெ பிராம் 1899இல் அதற்கென்று ஒரு குறியை முன்வைத்தார். ‘தேவர் அனையர் கயவர்’ (குறள் 1073) என்று வள்ளுவர் எழுதியபோது பக்கத்தில் குறி போட்டிருந்தால் பாதிச் சுவை போயிருக்கும் என்பது என் கட்சி. என்றாலும் பெயர் வேண்டும். வஞ்சப்புகழ்ச்சிக்குறி நீளம், தவிர எள்ளல் எல்லாமே புகழ்ச்சி வேடத்தில் வருவதில்லை. பழியை மறைத்துச் சொல்லும் வசைக்குப் ‘பழிகரப்பு அங்கதம்’ என்று இலக்கண மரபில் பெயர் உண்டு. ‘கரப்புக்குறி’ என்று சுருக்கினால் கரப்பான்பூச்சி வந்து நிற்கிறது. ஆகவே ‘பழிகரப்புக்குறி’. பிரெஞ்சு எழுத்தாளர் எர்வே பஸான் 1966இல் காதல், ஐயம் என்றெல்லாம் போட்ட குறிகளை விட்டுவிடலாம், புழக்கத்துக்கே வராதவை.

– வேலூரிலிருந்து

* * *

தம்பி,

மெய்ப்பாடு (உணர்ச்சி வெளிப்பாடு) எட்டில் வியப்புக்குத் தொல்காப்பியர் வைத்த பெயர் மருட்கை. அதிலிருந்து ‘மருள்வினா’ என்று எடுத்தால் பழமையும் இருக்கும், சொல்லவும் எளிது. அதோடு, திகைவினா என்றால் வினாவா திகைக்கிறது? ஆள் அல்லவா திகைக்கிறான்.

– குடியாத்தத்திலிருந்து

* * *

ஐயா,

சுடுகாடு என்கிறோம், காடா சுடுகிறது? வினைத்தொகை அந்த அளவுக்கு இடம் கொடுக்கும். மருள்வினா காதுக்கு இனிமைதான். ஆனால் உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு மருள் என்றதும் சாமியாடுவதுதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று. 1968இல் ரெமிங்டன் தட்டச்சுப் பொறியில் இந்தக் குறிக்குத் தனி விசையே கிடைத்தது, அப்போதும் அது பரவவில்லை. தமிழ்99 விசைப்பலகையில் அதற்கு இடமே கிடையாது, நம் ஆட்கள் ?! என்றுதான் தட்டப்போகிறார்கள். எனவே திகைவினாக்குறி என்ற பெயர் ‽, ?! இரண்டுக்கும் பொது என்று விளக்கத்தில் சேர்க்கிறேன். ?! சரியா !? சரியா என்பதைத் தங்கை தனி இழையில் தொடங்கட்டும். இங்கே தொடங்கினால் பொங்கல் வரைக்கும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு சொல் வராவிட்டால் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். மருள்வினா மாற்றுச் சொல்லாக அடைப்புக்குள் இருக்கும்.

– வேலூரிலிருந்து